ஏழு மாடு நக்கிய உப்பு

தோப்பும்படிப் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டேன். தோளில் துணி மூட்டை, கையில் கறவைப் பாத்திரம், காலில் டயர் செருப்பு. மட்டாஞ்சேரி முதுகுக்குப் பின்னால் இருந்தது. எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் மறந்துவிட்டு வந்த ஏதாவது ஞாபகத்துக்கு வரும். அதை எடுக்கப் போனால் யாராவது சாயா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். பாலத்தைத் தாண்டினால் தீவு, தீவைத் தாண்டினால் இன்னொரு பாலம், அதற்கும் அப்பால் தேவரா. அங்கே முப்பது மாடு கட்டிய தொழுவம் ஒன்றில் கறக்க ஆள் வேண்டும் என்று ஒரு லாரிக்காரன் சொல்லியிருந்தான்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றபோது வாத்தியார் சான்றிதழில் போட்டுக் கொடுத்த தேதியைத்தான் பிறந்த தேதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் செய்த வேலைகள் பல. திண்டுக்கல்லிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் இரண்டு வருஷம் கிளீனர். எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஓட்டலில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். பிறகு மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டை தூக்கினேன். சுக்குத் தூசியில் தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்ததும் அதையும் விட்டேன். மூன்று நாள் சாப்பாடு இல்லை. நான்காம் நாள் ஒரு குஜராத்தி வியாபாரியின் வீட்டுக் கொல்லையில் ஒரு பசு கறவைக்காரனை உதைத்துத் தள்ளிவிட்டு நின்றது. அந்த ஆள் இனி வரமாட்டேன் என்று போய்விட்டான். சின்ன வயதில் மாடு கறந்த கை என்னுடையது. கேட்காமலே போய் உட்கார்ந்து கறந்தேன். அந்த வீட்டு அம்மா நாலு சப்பாத்தி கொடுத்தாள். அன்றிலிருந்து நான் கறவைக்காரன்.

ஒரு வீடு ஒன்பது வீடாயிற்று. விடிவதற்கு முன் குஜராத்தி வீட்டில் தொடங்குவேன். சாமிக்கு முதல் பால் அங்கே வேண்டும். அப்புறம் வரிசையாகத் தெருத் தெருவாகப் போய், வாய்க்கால் ஓரம் இருந்த கடைசி வீட்டை முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். ஒன்பது வீட்டுக்கும் ஒரே வரிசைதான். மாற்றினால் மாடுகளுக்கும் பிடிக்காது, வீட்டுக்காரர்களுக்கும் பிடிக்காது.

என்னிடம் இரண்டு வித்தைகள் இருந்தன. ஒன்று, கறக்கும்போது பஸ் நிறுத்தங்களைச் சொல்வேன். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று கிளீனராக இருந்தபோது கத்திய அதே ராகத்தில், ஆனால் மெதுவாக. முதலில் எனக்குத் தூக்கம் வராமல் இருக்கத்தான் சொன்னேன். போகப்போக மாடுகளுக்கு அது பழகிவிட்டது. பழனி தாண்டும்போது காதை ஆட்டும். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே சுரப்பு விடும். பொள்ளாச்சி வராமல் எந்த மாடும் முழுசாகப் பால் கொடுத்ததில்லை.

இரண்டாவது, உப்பு. பஜாரில் மருந்துச் சரக்குக் கடையில் கைக்கு அடங்குகிற ஒரு இந்துப்புக் கட்டி வாங்கி மடியில் கட்டி வைத்திருந்தேன். உட்காரும் முன் மாட்டின் வாயருகே நீட்டுவேன். அது சாவகாசமாக நக்கும். நக்கி முடித்தால் அதற்கு உதைக்கத் தோன்றாது. அதே கட்டி அடுத்த வீட்டுக்கும் வரும், அதற்கடுத்த வீட்டுக்கும் வரும். நக்கி நக்கி நடுவில் பள்ளம் விழுந்து ஒரு சின்னக் கிண்ணம் போல ஆகியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். நான்காம் வீட்டுக் கொங்கணிக்காரர்களின் பசு மட்டும் உப்பை முகர்ந்துகூடப் பார்க்காது. அதற்கு வீட்டில் வெல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பஜாரில் ஒரு வண்டி மாடு நுகத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்டு நின்றது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த மாடு என்று வண்டிக்காரன் சொன்னான். வைக்கோலைத் தொடவில்லை. வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. நடந்த களைப்பு, தண்ணீர் மாற்றம் என்று நினைத்தேன். நான் கத்திய அத்தனை நிறுத்தங்களையும் தாண்டி வந்த மாடு, என் ஊர்க்காரன் மாதிரி. மடியிலிருந்து உப்பை எடுத்து நீட்டினேன். ரொம்ப நேரம் நக்கியது. மறுநாள் விடிகாலை அந்தக் கட்டியோடுதான் குஜராத்தி வீட்டுக்குப் போனேன்.

நாலைந்து நாளில் குஜராத்தி வீட்டுப் பசு நுரை தள்ளியது. நாக்கில் கொப்புளம், குளம்பு நடுவே புண். நம் ஊரில் கோமாரி என்பார்கள், அங்கே குளம்புரோகம். மறுநாள் இரண்டாம் வீடு. அப்புறம் மூன்று. நாலை விட்டுவிட்டு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நான் பாட்டுக்குக் கறந்துகொண்டுதான் இருந்தேன். வாய்ப்புண்ணுக்கு நல்லெண்ணெயில் வாழைப்பழம் பிசைந்து ஊட்டச் சொல்லி வைத்தியமும் சொன்னேன்.

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். படித்து முடித்து வந்த முதல் ஊர். குடையும் சைக்கிளுமாக வீடு வீடாகப் போய், எந்த மாட்டுக்கு எந்த நாள் முதலில் எச்சில் ஒழுகியது என்று கேட்டு எழுதினார். நோய் வராத மாடுகளுக்குப் போட ஊசி மருந்து கேட்டு எழுதியிருக்கிறாராம், வரவில்லையாம். அதுவரை கையில் இருந்தது அந்த நோட்டுப் புத்தகம் மட்டும்தான். ஒருநாள் சாயாக் கடையில் என்னைப் பிடித்து, நீ எந்தெந்த வீட்டுக்கு எந்த வரிசையில் போகிறாய் என்று கேட்டார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நினைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அவருக்குத் தமிழ் எழுத்து வராது, எனக்கு மலையாளம் வாசிக்க வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. என் வரிசையும் நோயின் வரிசையும் ஒன்றாக இருந்தன.

நான்காம் வீடு மட்டும் ஏன் தப்பியது என்று அவருக்குப் புரியவில்லை. அந்த மாடு உப்பு நக்காது என்று நான்தான் சொன்னேன். எந்த உப்பு என்றார். மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. சாயாக் கடைக்காரர் தம்ளரை வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்.

விஷயம் அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஒவ்வொரு வீட்டிலும் கதவைப் பாதி திறந்து, வராதே என்றார்கள். குஜராத்தி அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் கொஞ்சம் உறைத்தது. உப்புக் கட்டியைக் கடலில் எறிந்தேன். கையைக் கழுவினேன். அதற்கடுத்த நாள் காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தேன்.

பாலத்தின் நடுவில் சைக்கிள் மணி கேட்டது. டாக்டர். சட்டை முழுக்க வேர்வை. என்னைத் தாண்டிப் போய் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"அண்ணாச்சி, எங்கோட்டு?"

அந்த ஊரில் தமிழன் என்றாலே அண்ணாச்சிதான். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தேவராக்கு, சாரே. முப்பது மாடு நிக்குதாம். கறக்க ஆள் வேணுமாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "உப்பைக் கடல்ல போட்டாச்சு சாரே," என்றேன்.

"நாலாம் வீட்டுப் பசு இன்னிக்கு விடியக்காலைல நுரை தள்ளுது," என்றார்.

அது உப்பு நக்காத பசு.

"அப்போ உப்பு மாத்திரம் இல்ல. உப்பு சீக்கிரம் கொடுத்தது, நீ மெதுவா கொடுத்திருக்க. கை, முண்டு, இந்தப் பாத்திரம், அந்தச் செருப்பு." விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இதோட தேவராக்குப் போனா முப்பது மாடு. அங்கேர்ந்து எத்தனைன்னு எனக்கு எழுத நோட்டு போதாது."

நான் குனிந்து காலிலிருந்த செருப்பைப் பார்த்தேன்.

"ஒரு மாட்டை இந்தப் பாலத்துல நிறுத்த எனக்குப் பவர் உண்டு. ஆளை நிறுத்த இல்ல. அதனால கேக்கறேன். போகண்டா அண்ணாச்சி."

என்னைப் பல இடங்களிலிருந்து போகச் சொல்லியிருக்கிறார்கள். ரயிலிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள், சத்திரத்திலிருந்து எழுப்பி விரட்டியிருக்கிறார்கள். போகாதே என்று ஒருவர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என்மேல் பிரியத்தால் இல்லை. ஆனாலும் கால் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவர் கடைசி வீட்டைப் பற்றிச் சொன்னார்.

கடைசி வீட்டு அக்கா பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் முஸ்லிம். புருஷன் பம்பாய் போய் ஒரே ஒரு கடிதம் போட்டதோடு சரி. ஒரு பசு, அதன் பாலைச் சாயாக் கடைக்குக் கொடுப்பது, அதுதான் அவள் வாழ்க்கை. வண்டி மாட்டுக்கு நான் உப்புக் கொடுத்ததற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பசு கன்று போட்டிருந்தது. கன்று போட்ட வீட்டில் கண் பட்டுவிடும் என்று அவள் தொழுவத்துக்கு ஓலைத் தட்டி கட்டி, பதினைந்து நாளைக்கு என்னைக்கூட உள்ளே விடவில்லை. கண்ணுக்குப் பயந்து அடைத்த கதவில் கோமாரியும் வெளியே நின்றுவிட்டது.

பதினைந்து நாள் முடிந்துவிட்டது. கன்று குடிக்கிற அளவுக்கு மேல் பால் ஊறி மடி கல்லாகிக் கிடந்தது. அக்கா கை வைத்தால் உதை. டாக்டரும் போய்ப் பார்த்திருக்கிறார், நோய் மாடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் குளித்துவிட்டு. அவருக்கும் உதை. பேன்ட்டைத் தூக்கி முழங்காலைக் காட்டினார், நாவல் பழ நிறத்தில் வீங்கியிருந்தது. கறக்காமல் விட்டால் மடி பழுத்துவிடும். நான் போய்க் கறந்தால் கோமாரி வரும். பெரிய மாடு புண்ணாறி எழுந்துவிடும், பால்குடிக் கன்றுக்கு வந்தால் நின்ற நிலையில் விழுந்து செத்துப்போகும் என்றார்.

"உள்ள போகாம அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?" என்றார்.

சொல்லிக் கொடுக்கிற விஷயமா அது. ஆனால் அப்படிச் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன். வழியில் மாடு எதிர்ப்பட்டால் எனக்குக் கை காட்டுவார், நான் ஓரமாக ஒதுங்கி நிற்பேன்.

ஆஸ்பத்திரிக் கொல்லையில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் என்னை இரண்டு தடவை குளிக்க வைத்தார். உடம்பு முழுக்க எரிந்தது. என் வேட்டி சட்டை கொதிக்கிற டின்னுக்குப் போயின. செருப்பும் பாத்திரமும் சோடாத் தொட்டியில் மூழ்கின. மாற்றிக்கொள்ள வேறு துணி இல்லை. மூட்டையில் இருந்ததையும் நம்ப முடியாது என்றுவிட்டார். கடைசியில் ஆபீஸ் ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரையை அவிழ்த்துக் கொடுத்தார். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு மட்டாஞ்சேரித் தெருவில் நடந்தேன். பட்டினி கிடந்த நாட்களில்கூட அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தினார். விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். அக்காவின் தொழுவத்திலிருந்து என் பக்கம் வீசுகிற இடம் பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அக்கா தட்டியை விலக்கினாள். பசு பின்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. கன்று செவலை, நெற்றியில் ஒரு வெள்ளை.

"என்ன தம்பி இது, கல்யாணத்துக்கா கிளம்பிட்டே?" என்றாள் என் பச்சைத் திரையைப் பார்த்து.

"ஆமாக்கா. பொண்ணு உங்க தொழுவத்துல நிக்குது. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தாள். கன்றை ஒரு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன். கட்டினாள். காம்பில் கை வைத்ததும் பசு காலைத் தூக்கியது, பாத்திரம் உருண்டது. மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது. கட்டைவிரலை மடக்காதீர்கள், மேலிருந்து இறுக்கி வாருங்கள் என்று இங்கிருந்து கத்தினேன். மூன்றாம் தடவை அவள் விலாவில் உதை பட்டது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பசுவையே பார்த்தாள்.

"இது என் கைக்கு வராது தம்பி. நீ வா. வந்தா வரட்டும்," என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. வாய்க்கால் ஒரு தாண்டு தாண்டினால் முடிந்தது. கன்று தும்பை இழுத்துக்கொண்டு தாயின் பக்கம் முகத்தை நீட்டியது.

நான் கத்திய குரல் கேட்டதிலிருந்து பசுவின் காது என் பக்கமே திரும்பியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா, எழுந்து உக்காருங்க. கையை வச்சு சும்மா இருங்க. அமுக்காதீங்க."

பிறகு வாய்க்கால் கரையில், பச்சைத் திரையோடு, நாலு பேர் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்க, ஆரம்பித்தேன். திண்டுக்கல். ரெட்டியார்சத்திரம். ஒட்டன்சத்திரம். தொழுவத்துக்குள் காதோடு சொன்னதை இப்போது தெருவுக்கே கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. யாரோ சிரித்தார்கள். சத்திரப்பட்டி. ஆயக்குடி. பழனியில் பசு கால் மாற்றுவதை நிறுத்தியது. மடத்துக்குளம். உடுமலையை இரண்டு தடவை சொன்னேன், பஸ் அங்கே கொஞ்சம் நிற்கும்.

"கையில நனையுது தம்பி," என்றாள் அக்கா, மெதுவாக, பசுவுக்குக் கேட்காத மாதிரி.

"இப்ப இழுங்க."

பாத்திரத்தில் முதல் பீச்சு விழுந்த சத்தம் இந்தக் கரைக்குக் கேட்டது. பொள்ளாச்சி வந்தது. பால் நிற்கவில்லை. மடியில் பதினைந்து நாள் பால் இருந்தது, என்னிடம் நிறுத்தம் தீர்ந்துவிட்டது. என் பஸ் பொள்ளாச்சியோடு திரும்பிவிடும். மறுபடி திண்டுக்கல்லில் ஆரம்பித்தால் பசு என்ன நினைக்குமோ என்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தலையைப் பசுவின் விலாவில் சாய்த்துக்கொண்டு, என் ராகத்திலேயே, "கோபாலபுரம்," என்றாள். "கொழிஞ்சாம்பாறை." அவள் கல்யாணமாகி வந்த வழி அது. பாலக்காடு வந்தபோது பாத்திரம் நிறைந்திருந்தது.

டாக்டர் குடையை ஊன்றி நின்றுகொண்டு, "இதை நான் ரிப்போர்ட்டுல எப்படி எழுதறது?" என்றார்.

சாயங்காலமும் போய்க் கரையில் நின்றேன். இந்தத் தடவை பழனி வரைதான் நான், மீதி அவளே சொன்னாள். அந்தக் கன்றுக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் அது பசுவாகி, அதையும் அவள் பஸ் நிறுத்தம் சொல்லித்தான் கறந்தாள் என்று கேள்விப்பட்டேன். எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு டாக்டர் எதிரே உட்கார்ந்தார். நோய் கண்ட எட்டு மாட்டையும் இரண்டு நாளாக யாரும் ஒழுங்காகக் கறக்கவில்லை. புண் வாயோடு நிற்கிற மாட்டுக்கு மடியும் கெட்டால் அவ்வளவுதான். கறந்த பாலைக் கொதிக்க வைத்துக் குழியில் கொட்ட வேண்டும். வேறு எந்தக் கறவைக்காரனும் அந்தத் தெருக்களுக்கு வர மாட்டேன் என்கிறான். வந்தாலும் அவன் வேறு வீட்டுக்குப் போவான். "வேற எங்கேயும் போகாத ஆள் வேணும்," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

எத்தனை நாள் என்று கேட்டேன். எட்டு மாடும் வைக்கோல் மென்று, ஆறிய குளம்பை ஊன்றி நடக்கிற வரைக்கும் என்றார். படுக்கை ஆஸ்பத்திரிக் கொட்டகையில். சாப்பாடு எட்டு வீட்டிலும் முறை வைத்து. வீட்டுக்காரர்களிடம் அவரே பேசியிருந்தார். குஜராத்தி அம்மா, அவனே வரட்டும் என்று சொன்னாளாம்.

நான் வேலையை ஏற்றுக்கொண்டது மறுநாள் காலைதான். இரவில் வாக்குக் கொடுத்தால் விடிவதற்குள் கிளம்பிவிடுகிற ஆள் நான் என்று எனக்கே தெரியும். அதனால் விடியட்டும் என்றேன். விடிந்தது. கொட்டகையில்தான் இருந்தேன். மடியில் உப்பு இல்லை. ஒரு கையில் கறவைப் பாத்திரம், இன்னொரு கையில் சோடாத் தண்ணீர் வாளி. இருட்டுப் பிரியும் நேரத்தில் குஜராத்தி வீட்டுக் கொல்லைக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. வாசலில் வாளியை வைத்து, கால் இரண்டையும் அதில் நனைத்து, கையைக் கழுவி, உள்ளே போய் உட்கார்ந்தேன். பசு உப்பைத் தேடி என் மடியை முகர்ந்தது. புண் நாக்கோடு இருந்தது, பாவம்.

திண்டுக்கல், என்று ஆரம்பித்தேன்.